இதுவும் ஃப்ரீதானே தம்பி?

1976 பிப்ரவரி. பில் கேட்ஸுக்கு வயது 20. கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு ஒரு பகிரங்கக் கடுதாசி போட்டார்: உங்களில் பெரும்பாலோர் சாஃப்ட்வேரைத் திருடித்தான் ஓட்டுகிறீர்கள், இது நியாயமா? பாவம், பிள்ளை நொந்துவிட்டார்! அவர் விற்ற பேசிக் மொழியைக் கண்டுபிடித்தவர்கள் டார்ட்மவுத் பேராசிரியர்கள் இருவர். அவர் தன் சரக்கை எழுதியதோ ஹார்வர்டு கம்ப்யூட்டரில். கடுதாசியில் இதற்கெல்லாம் இடம் போதவில்லை போலும்.

1998-ல் அதே மனிதர் சீனாவைப் பற்றிச் சொன்னது இன்னும் ஜோர். திருடத்தான் போகிறார்களென்றால் நம்முடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், வசூலை அடுத்த பத்து வருஷத்தில் பார்த்துக்கொள்ளலாம்! கந்துவட்டிக்காரருக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது சார்.

துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் பெல் நிறுவனத்துக்கு பாய்லர் பாகம் செய்யும் பட்டறை ஒன்றைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். வெளியே வெல்டிங் பொறி, உள்ளே ஏசி ரூமில் ஆட்டோகேட். லைசென்ஸ்? "தெரிஞ்ச பையன் போட்டுக் குடுத்தான்." ஓப்பன் சோர்ஸ் லினக்ஸ் ஃப்ரீ என்று ஓனரிடம் சொல்லிப் பாருங்கள். "இதுவும் ஃப்ரீதானே தம்பி?" என்பார். ஓப்பன் சோர்ஸுக்கு இங்கே எதிரி மைக்ரோசாஃப்ட் இல்லை, கிராக் சிடி!

இந்த மண்ணில்தான் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக வந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., 2007 வாக்கில் சூசே லினக்ஸ், ஓப்பன் ஆபீஸ் என்று மாற்றக் கிளம்பினார். அரசு அலுவலகத்தில் விண்டோஸைத் தூக்குவது! ஃபைலைத் தூக்கினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், சாலிடேரைத் தூக்கினால்?

2011-ல் ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ. இலவச லேப்டாப் கொடுத்தார். ஜெயலலிதாதான், முதலமைச்சரும் அவரே. உள்ளே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், பக்கத்திலேயே விண்டோஸ். பவர் பட்டனை அமுக்கினால் எது வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கும். பிளஸ் டூ பையன் எதைத் தொட்டிருப்பான் என்று நான் சொல்ல வேண்டுமா? பாரதத்தின் பெயரைத் தாங்கிய பாஸ் பல லேப்டாப்களில் விஜய் படத்துக்கு இடம் விட்டு ஒதுங்கியது.

நம்ம பட்டறை ஓனரை மாற்றுவதும் கொள்கை அல்ல, நோட்டீஸ். லைசென்ஸ் ஆடிட் என்று மெயில் வந்ததுமே, 1983-ல் க்னூ இயக்கம் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அவர் ஒரே ராத்திரியில் சீடராகிவிடுவார். லிப்ரே ஆபீஸ், லிப்ரேகேட், சுதந்திரம்! மறுநாள் வேலை கொடுத்தவரிடமிருந்து போன்: டிராயிங்கை டி.டபிள்யூ.ஜி. ஃபைலாக அனுப்புங்கள். லிப்ரேகேட் அதைத் திறந்து பார்க்கும், அப்படி சேவ் பண்ணாது.

ஓனர் யோசிக்கிறார்.

"ஒரே ஒரு லைசென்ஸ் வாங்கி அஞ்சு சிஸ்டத்துல போட முடியுமா தம்பி?"