ஜோவியனுக்குப் பர்மிஷன் இல்லை

பெங்களூருக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் தனி ரகம், வீட்டு சர்வர்க்காரர். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில் இப்படி ஒருவர். பீரோ மேல் ஒரு பழைய லேப்டாப். அதில் உபுண்டு, உபுண்டுமேல் டாக்கர், டாக்கர் கன்டெய்னருக்குள் ஜுபிட்டர் நோட்புக். மூடியைத் திறக்க யாருக்கும் அனுமதியில்லை. திறந்தால் அது வெறும் லேப்டாப்தான் என்று தெரிந்துவிடும்.

எதற்குக் கன்டெய்னர் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் காபி ஆறிப்போகும். நேரடியாகப் பைத்தான் போட்டால் ஒரு லைப்ரரியை ஏற்றும்போது இன்னொன்று உடையுமாம். கன்டெய்னரில் எல்லாம் ஒரே கட்டாக வருமாம். கெட்டால் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக எழுப்பலாமாம். சொல்வது சரிதான். ஒருநாள் அவரும் எறிந்தார். வெளி ஃபோல்டர் எதையும் இணைக்காமல் உள்ளேயே சேமித்திருந்ததெல்லாம் அதோடு போனது. பிறகு ஃபோல்டரை இணைத்தார், வேறு வில்லங்கம் வந்தது. கன்டெய்னரை எழுப்பும் ஜுபிட்டர் இமேஜுக்குள் குடியிருக்கும் பயனரின் பெயர் ஜோவியன், எண் 1000. ஃபோல்டரோ ரூட் பெயரில் இருக்கிறது.

“ஜோவியனுக்குப் பர்மிஷன் இல்லம்மா!”

“யாருப்பா அது? வரச் சொல்லு, நான் சோறு போடறேன்.”

சிங்கவரத்தில் ஒரு கதை சொல்வார்கள். ராஜா தேசிங்கு போருக்குப் புறப்படுமுன் உத்தரவு கேட்டு வந்தாராம். குடைவரைக்குள் பள்ளிகொண்ட ரங்கநாதர் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தேசிங்கு கேட்கவில்லை, 1714-இல் போர்க்களத்தில் மாண்டார். நம்மவரும் அந்த மண்தானே! திரையில் சிவப்பு எழுத்தில் எத்தனை எச்சரிக்கை வந்தாலும் இமேஜின் ‘லேட்டஸ்ட்’ டேக்கைத்தான் இழுப்பார். தேதி போட்ட டேக்கைப் பிடித்துவைத்தால் நேற்று ஓடியது இன்றும் ஓடும். நேற்று ஓடியதே இன்றும் ஓடினால் இவருக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு?

பாதுகாப்பு விஷயத்தில் இன்னும் தீவிரம். ஃபயர்வால் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவரிடம், டாக்கர் திறந்துவிடும் போர்ட் உபுண்டுவின் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்று எவரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அன்றோடு தூக்கம் போயிற்று. இப்போது 8888 போர்ட்டை 127.0.0.1-க்கு மட்டும் கட்டிவைத்து, எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாக, டோக்கன் காட்டித்தான் உள்ளே நுழைகிறார். நுழைவது அதே அறையில், அதே பீரோவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

கரண்ட் போய் வந்தால் கன்டெய்னர் தானாக எழ ஒரு வரி உண்டு. டிஸ்க் நிரம்பினால் பழைய இமேஜ்களைக் கூட்டித் தள்ள ஒரு கட்டளை உண்டு. இவர் வேறு எதையும் இவ்வளவு ஒழுங்காகக் கூட்டியதை அம்மா பார்த்ததில்லை.

இத்தனையும் தொடங்கியது மாமாவின் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்காக. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எந்த மாதம் போட்டால் நல்ல விலை கிடைக்கும் என்று, மாமா கட்டிவைத்திருக்கும் பழைய சீட்டுகளைக் கொண்டு கணக்குப் போட்டுச் சொல்வதாக வாக்கு. நோட்புக்குக்கு அந்தச் சக்தி உண்டுதான். 2016-இல் ஈர்ப்பலைகளைக் கண்டதாக அறிவித்த லைகோ விஞ்ஞானிகள், தங்கள் தரவை யாரும் அலசிப் பார்க்கலாம் என்று ஜுபிட்டர் நோட்புக்கையே உலகத்துக்குக் கொடுத்தார்கள். சிங்கவரத்து நோட்புக்கில் இருப்பது ஒரே வரி. ‘வணக்கம்’ என்று காட்டச் சொல்லும் வரி. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதை ஓட்டுவார். வணக்கம் வந்தால் சர்வர் சௌக்கியம்.

அறுவடை முடிந்ததும் மாமா வந்து கேட்டார்.

“என்ன மாப்ள, மெஷின் என்ன சொல்லுது?”

“வணக்கம் சொல்லுது மாமா.”

மாமா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய் அன்றைய விலைக்கே போட்டுவிட்டு வந்தார்.