பட்டவராயன் செருப்பும் மருமவன் பாதமும்

வா மருமவனே, வா. நொண்டிக்கிட்டு வாரியே, திருச்செந்தூரு முருகன் என்ன சொன்னாரு? திருநவேலியில இருந்து 60 கிலோமீட்டர் பக்கம் வெறுங்காலோட நடந்திருக்க. பக்திய நான் கொற சொல்லல. வருசம் பூரா ஏசி ஆபீஸுல காலத் தொங்கப் போட்டு இருந்துட்டு, தைப்பூசத்துக்கு மட்டும் திடீர்னு தார் ரோட்டுல எறக்கி விட்டா, அந்தக் காலு யாருகிட்டப் போயி மொறையிடும்?

காலையில கட்டில விட்டு எறங்கி வைக்கிற மொத அடியில உசுரு போகுது, கொஞ்சம் நடந்தா தேவலங்குற. அப்ப அது குதிகால் வலிதான். குதி எலும்புல இருந்து விரல் வரைக்கும் உள்ளங்காலுல ஒரு கெட்டி நாரு ஓடுது. வில்லுக்கு நாண் பூட்டுன மாதிரி பாதத்து வளைவ அதுதான் இழுத்துப் பிடிக்குது. குதியில அது வந்து சேருத எடம் நைஞ்சு போச்சுன்னா, ராத்திரி சுருங்கிக் கெடந்துட்டு மொத அடியில சுரீர்னு இழுக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு "முள்ளு வளந்திருக்கு"ன்னு சொன்னா ஒடனே உயில் எழுத உக்காராத. வலின்னா என்னன்னே தெரியாத ஆளுக குதியிலயும் அந்த முள்ளு கெடக்கும்.

செவத்தப் பிடிச்சு நில்லு. வலிக்கிற காலப் பின்னால வச்சு, குதியத் தரையில இருந்து தூக்காம கெண்டைக்கால இழுத்துக் குடு. கட்டில விட்டு எறங்கதுக்கு முன்னயே பெருவெரல மேல பாத்து இழுத்து விடு. புது வீட்டுல பளபளன்னு கிரானைட்டு போட்டிருக்கேல்லா, அதுல வெறுங்காலோட அலையாத. மெத்துன்னு ஒரு செருப்பு வாங்கி வீட்டுக்குன்னே வைய்யி. உங்க அம்மா "நடு வீட்டுல செருப்பா"ன்னு பிடிபிடின்னு பிடிப்பா, மாமா சொன்னாருன்னு எம் பேரச் சொல்லு. எங்க அக்காகிட்ட ஏச்சு வாங்குறது எனக்கொண்ணும் புதுசு இல்ல. தொந்தியயும் கொஞ்சம் எறக்கு. பத்துப் பேருல எட்டொம்பது பேருக்கு கத்தி வைக்காமலே ஒரு வருசத்துக்குள்ள சரியாயிரும். ஒரு வருசமான்னு மொறைக்காத, வீடு கட்டுன லோனுக்கு 20 வருசம் ஒத்துக்கிட்டவந்தான நீ.

கணுக்காலு மடங்கிருச்சுன்னா மட்டும் ரெட்டப் பிள்ள பெத்தவ எங்க இருக்கான்னு சுளுக்கெடுக்கத் தேடிக்கிட்டுப் போவிய. போங்க, அவளும் பொழைக்கணும்லா. ஆனா போறதுக்கு முன்ன ஒண்ணு பாரு. கனடாவுல ஒட்டாவான்னு ஒரு ஊரு. அங்க உள்ள டாக்டர்மாரு 1992ல ஒரு கணக்குச் சொன்னாவ. மடங்குன எடத்துலயும், பொறவு ஆஸ்பத்திரிக்கு வந்தும் நாலு அடி எடுத்து வைக்க முடியலையா? கணுக்கால் முட்டு எலும்போட பின்விளிம்ப அமுக்குனா வலிக்கா? அப்ப எக்ஸ்ரே எடுத்தே ஆவணும். எலும்பு விட்டுப் போன காலப் பிடிச்சு எண்ணெய் போட்டு உருவுனா, சுளுக்கு போவாது, காலு போயிரும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்கியா? பாளையங்கோட்ட லைப்ரரியில பேன் காத்து நல்லா வரும் மருமவனே. சும்மா உக்காந்திருந்தா விரட்டிருவான், அதான் படிச்சேன்.

உங்க பெரியப்பன் கன்னடியன் கால் பாசனத்துல காரும் பிசானமும் நட்டு வயசானவரு. அவரு விரலிடுக்குல சேத்துப்புண்ணு ஆறுனதே கெடையாது. அது ஈரத்துல வாழுத பூஞ்சக்காளான். வயல விட்டு ஏறுனதும் கழுவி, விரலுக்கு விரலு துணி விட்டுத் தொடச்சுக் காய வைக்கணும், பூஞ்சைக்கான மருந்த டாக்டர் சொன்ன நாளு பூராவும் தடவணும். அவரு மெடிக்கல்ல "அரிப்புக்கு ஏதாவது குடுப்பா"ன்னு கேட்டு, ஸ்டீராய்டு கலந்த கிரீமப் பூசுதாரு. ரெண்டு நாளு அரிப்பு நிக்கும், உள்ளுக்குள்ள காளான் கொண்டாட்டமாப் பரவும். அதத்தான் ராசியான மருந்துங்காரு.

சரி, வெசயத்துக்கு வாரேன். பாவநாசத்துக்கு மேல காரையாறுல சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போயிருக்கேல்லா? அங்க பட்டவராயனுக்கு என்ன காணிக்க? செருப்பு. முத்துப்பட்டன்னு பிராமணப் பையன், பொம்மக்கா திம்மக்கா மேல ஆசப்பட்டு, பூணூல அத்துப் போட்டுட்டு, மாமனாருகிட்ட செருப்புத் தைக்கப் படிச்சு, அந்தப் பிள்ளைகளக் கட்டுனான். மாட்டக் காக்கப் போயி செத்துச் சாமியானான். வில்லுப்பாட்டுல கேட்டிருப்ப. அவனுக்குப் போட்ட செருப்பு அடுத்த வருசம் போயிப் பாத்தா தேஞ்சிருக்குமாம், சாமி காட்டுக்குள்ள போட்டு நடக்காருன்னு சனங்க நம்புது. வெறுங்காலோட மலையேறிப் போயி, சாமி செருப்ப எடுத்து, அடி எங்கன தேஞ்சிருக்கு, வாரு எங்கன அந்திருக்குன்னு அம்புட்டு அக்கறையாப் பாக்குறிய. ஓஞ் செருப்ப என்னைக்காவது திருப்பிப் பாத்திருக்கியா? ஒரு பக்கமாத் தேஞ்சிருந்தா காலு ஒரு பக்கமாப் பாரம் போடுதுன்னு அர்த்தம். சாமிக்குக் காட்டுத அக்கறையில காவாசி ஓம் பாதத்துக்குக் காட்டுனா நான் ஏன் இப்படித் தொண்டத் தண்ணி வத்தப் பேசப் போறேன்?

ஒனக்குச் சக்கர இருக்குன்னு உங்க அம்மா சொன்னா. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்குல நாட்டுல 10 கோடிப் பேருக்கு இருக்கு. அல்வாவ எலையோட நக்குன பாவம் நம்ம ஊருக்கு மட்டும் இல்ல. ஆனா நேத்து நீ ஒண்ணு சொன்னியே, "பெருவெரலுக்குக் கீழ புண்ணு இருக்கு மாமா, ஆனா வலியே இல்ல"ன்னு. குதி வலிக்கு ஊரக் கூட்டுனவன், இதச் சிரிச்சிக்கிட்டுச் சொன்ன. எனக்கு அப்பத்தான் பயம் வந்துச்சு.

1914ல பொறந்து கொல்லிமலையில வளந்த வெள்ளக்காரப் பிள்ள ஒண்ணு, பேரு பால் பிராண்ட். பெரிய டாக்டராகி 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தாரு. அப்பல்லாம் தொழுநோய் வந்தா சதை தானா அழுகி விழும்னு எல்லாரும் நம்புன காலம். ஒரு நாளு துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணு, அவரு பெலத்துக்குத் தொறக்கல. தொழுநோய் வந்த சின்னப் பையன் ஒருத்தன் சாவிய வாங்கி ஒரே திருப்புல தொறந்துட்டான். பாத்தா விரலுல ரெத்தம், சாவி எலும்பு தெரிய வெட்டியிருக்கு. பையனுக்கு ஒண்ணுமே தெரியல. சதை தானா அழுகல, வலி தெரியாததால அவுகளே அவுகளக் காயப்படுத்திக்கிடுதாவன்னு பிராண்டு கண்டுபிடிச்சாரு. பொறவு எம்.சி.ஆர். ரப்பருல மெத்துன்னு செருப்பு செஞ்சு மாட்டி விட்டாவ, பாதப் புண்ணு கொறஞ்சது. 1966ல அமெரிக்காவுக்குப் போனாரு. அங்க சக்கர நோயாளிக காலுலயும் இதே கதைதான்னு பாத்து, இங்க படிச்ச வைத்தியத்த அங்க சொல்லிக் குடுத்தாரு.

ஒனக்கு நரம்பு மரத்துக்கிட்டு வருதுன்னுதான் அந்தப் புண்ணு வலிக்கல. அதனால கேளு. தெனம் ராத்திரி உள்ளங்காலப் பாரு. தொந்தி மறைச்சா கண்ணாடியத் தரையில வச்சுப் பாரு, இல்லைன்னா பொண்டாட்டியப் பாக்கச் சொல்லு. சுடுதண்ணியில கால வைக்காத, சூடு ஒனக்குத் தெரியாது, தோலு உரிஞ்ச பொறவுதான் தெரியும். நெல்லையப்பரு கோயில் பிரகாரத்துல உச்சி வெயிலுல பக்தி காட்டாத, வெடியப் போயிட்டு வா. கால் ஆணிய பிளேடால சீவாத, ஆணிக்குன்னு விக்கிற பிளாஸ்திரியும் ஒனக்கு ஆவாது, அதுல அமிலம் இருக்கு. நகத்த ஓரத்துல வளைச்சுத் தோண்டாம நேரா வெட்டு. செருப்பத் தட்டிட்டுப் போடு, உள்ள கல்லு கெடந்தாலும் ஒனக்குத் தெரியாது. பெருவெரலு வாரு மட்டும் உள்ள செருப்பு வேண்டாம், பின்வாரு உள்ளதா வாங்கு, சாயங்காலம் போயி வாங்கு. பகல் பூரா நடந்து காலு வீங்கியிருக்கும்போது பத்துத அளவுதான் சரியான அளவு.

முள்ளுக் குத்துனா சும்மா விடாத. வெறுங்காலு ஆளுகளுக்கு முள்ளுக் குத்துன வழியா பாதம் வீங்கிப் பொத்தல் பொத்தலாகுத நோய் ஒண்ணு உண்டு, அத 1842ல மதுரையில கில்னு ஒரு டாக்டரு எழுதி வச்சாரு. ஒலகப் பொஸ்தகத்துல இன்னைக்கும் அதுக்கு மதுரைக் காலுன்னு ஒரு பேரு இருக்கு. மதுரைக்காரன் மல்லியப் பத்திப் பேசுவான், இதப் பத்திப் பேச மாட்டான்.

நாளைக்கு வெள்ளனவே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போயி ஓ.பி. சீட்டப் போடு. நைலான் நரம்பு ஒண்ண வச்சு உள்ளங்காலுல குத்திப் பாப்பாவ, 10 கிராம் அழுத்தத்துல வளையுத நரம்பு. அது தெரியலன்னா வருசத்துக்கு ஒருக்கங்கிறது பத்தாது, இன்னும் அடிக்கடி வந்து காலக் காட்டச் சொல்லுவாவ, போகணும். உங்க அத்தையையும் கையோட கூட்டிட்டுப் போ, அவளுக்கும் சக்கர இருக்கு, நான் சொன்னா கேக்க மாட்டா.