கொழும்பு வாட்ச்

எங்கள் குடும்பத்தில் கோபித்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததற்கு ஒரே காரணம், தாத்தாவின் தங்க வாட்ச். பெரிய சித்தப்பா கணக்கில் அது மூணு பவுன். சின்னச் சித்தப்பா நாலு என்பார். அத்தைக்கு எடை முக்கியமில்லை. "பதினேழு கல்லு வச்சதுல்லா!" என்பாள்.

1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றது சட்டம். மாப்பிள்ளை வீட்டார் வயிற்றில் புளி, பெண்ணைப் பெற்றவர்கள் வயிற்றில் பால். அந்த ஆவணியில்தான் தாத்தா கல்யாணம். கொழும்பில் கடை வைத்திருந்த ஆச்சியின் அப்பா, "சட்டம் நகைக்குத்தான், வாட்சுக்கு இல்ல" என்று சொல்லி, மாப்பிள்ளை கையில் மினுமினுவென்று ஒன்றைக் கட்டிவிட்டார். கல்யாண வீடு, பாளையங்கோட்டை தசரா இரண்டுக்கும் மட்டும் தாத்தா அதைக் கட்டுவார். மற்ற நாளெல்லாம் அது மைசூர் சாண்டல் சோப்பு டப்பாவுக்குள் தூங்கும். மணி தெரிய வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் கேட்பார்.

அப்பாவுக்குப் பிறகு டப்பா என்னிடம் வந்தது. தெற்கு பஜாரில் ஒரு தட்டாரிடம் கொண்டுபோனேன். கையில் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள இருக்க மிஷினைக் கழத்திட்டு வாங்க அண்ணாச்சி. அதையும் சேத்துத் தங்கம்னு நிறுத்தா என்னை ஜெயில்ல போட்டுருவான்."

ஜெயில் பக்கத்திலேயே இருப்பதால் பாளைக்காரர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் அதிகம்.

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர். கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டார். டயலில் கம்பெனிப் பெயர் அழிந்துபோயிருந்தது. "இன்காப்ளாக்னு போட்டிருக்கே, அதுதானே கம்பெனி?" என்றேன், விவரம் தெரிந்தவன் மாதிரி. லென்சோடு என்னைப் பார்த்தார். கீழே விழுந்தால் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறியாமல் தாங்கும் சின்ன ஸ்பிரிங் அமைப்பாம் அது. ஏகப்பட்ட கம்பெனி வாட்சுகளில் இருக்குமாம்.

பின்மூடியைத் திறந்தார். பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் கேடயம் போல ஒரு முத்திரை, அதற்குள் ஏ.எஸ். என்று எழுத்து. ஏ. ஷில்ட். சுவிட்சர்லாந்தில் கிரென்ஹென் என்ற ஊரில் மிஷினை மட்டும் செய்து, கேட்ட கம்பெனிக்கெல்லாம் விற்றவர்கள். ஆக, பெற்றது ஒருவர், சட்டை போட்டது ஒருவர், பெயர் வைத்தது ஒருவர். அந்தப் பெயரும் இப்போது இல்லை.

அத்தையின் பதினேழு கல்? சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல வைத்திருக்கும் செயற்கை மாணிக்கம். வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-லேயே இதை உலையில் காய்ச்சும் வித்தையை வெளியிட்டுவிட்டார். பதினேழையும் சேர்த்து விற்றாலும் அல்வா வாங்கக் காணாது.

"தங்கம்?" என்றேன், குரல் இறங்கி.

"சுவிஸ்காரன் 18 காரட்னா 0.750னு போட்டு, பக்கத்துல ஒரு பொம்பளைத் தலையும் அடிச்சிருப்பான்." தேடினோம். அந்த அம்மாள் எங்கள் வாட்சை எட்டிப் பார்த்ததாகவே தெரியவில்லை. ரிப்பேர்காரர் பழைய டூத் பிரஷ்ஷால் மூடியின் வெளிப்பக்கத்தைத் தேய்த்தார். வியர்வையும் பவுடரும் கலந்த அழுக்கு உதிர, அறுபது வருஷமாக அங்கேயே இருந்த எழுத்து தெரிந்தது: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக். வார் மாட்டும் கொம்புக்கு அடியில்: 20 மைக்ரான். அதாவது 0.02 மில்லிமீட்டர் முலாம். மொத்தத்தையும் சுரண்டினால் இரண்டு மூன்று குண்டுமணி தேறலாம்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "எனக்கு அன்னைக்கே தெரியும்ல. எங்க ஐயாதான் தாத்தாட்ட சொல்லாதன்னாவ" என்றாள்.

சித்தப்பாக்களுக்கும் அத்தைக்கும் போன் போட்டேன். மூவருமே பெருந்தன்மையாக, "நீயே வச்சுக்கோல" என்றார்கள்.

உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒன்று இருந்தால், முதலில் முதுகைத் துடைத்து வாசித்துவிடுங்கள். பங்காளிகளுக்கு அப்புறமாகச் சொல்லிக்கொள்ளலாம்.