கடலுக்கு ஓர் ஆப்பு

கேள்வி: சுற்றுச்சூழல், தொழில், அரசாங்க விஞ்ஞானம் மூன்றும் ஒத்துப்போகுமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஒத்துப்போகும், கொஞ்சம் சண்டை போட்ட பிறகு! 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே மாட்டிக்கொண்டது. கப்பலுக்குக் காத்திருந்தோம்; கடற்கரை கிளம்பிப் போய்விட்டது. காந்தி சிலைக்கு எதிரே வெறும் கருங்கல்தான். அப்புறம் சென்னையிலிருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வந்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றைக் கடலுக்குள் இறக்கியது. 2019 வாக்கில் குழந்தைகள் மறுபடி மணலில் கால் வைத்தார்கள். ஆக, ஒரு அரசுத் திட்டம் தின்றதை இன்னொரு அரசுத் திட்டம் கக்கவைத்தது. இரண்டுக்கும் பில் நமக்கு! வடக்கே மீனவக் குப்பங்களுக்கும் மணல் வேண்டுமே? துறைமுக வாயில் தூர்வாரும் மணலை விடாமல் வடக்கே கொட்டுங்கள், ஐயா.