பெர்னுக்குப் போற பேராண்டிக்கு

வா பேராண்டி, இப்பிடி வந்து குந்து. பெர்னுக்குப் போறியாமே. உங்கம்மா நேத்துலேர்ந்து மூக்கைச் சிந்திக்கினு இருக்கா, உங்கப்பன் மசூதி ரோடு முழுக்க சொல்லிக்கினு திரியிறான். ஏன்டா போறன்னு கேட்டா, "சத்தம் தாங்கல தாத்தா"ங்கற. கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. சிரிச்ச தண்ணிதான், பயப்படாத.

சத்தமில்லாத ஊரு வேணும்னா இதே பிரேசர் டவுன்ல ஒரு நூறு வருசம் முந்திப் பொறந்திருக்கணும். 1898-ல பெங்களூர்ல பிளேக்கு வந்து, தண்டு, அதான் கன்டோன்மென்ட்டுப் பக்கம் நெரிசல்ல கிடந்த சனம் கொத்துக் கொத்தா செத்துது. அதுக்கப்புறம்தான் காத்தும் வெளிச்சமும் வர்றாப்ல அகலத் தெரு விட்டு வெள்ளைக்காரன் இந்தப் பேட்டையைக் கட்டினான். மைசூர் மகாராசாவுக்கு வாத்தியாரா இருந்த ஸ்டூவர்ட் பிரேசர் பேரை வெச்சாங்க. 1988-ல புலிகேசி நகர்னு மாத்தினாங்க, அது போர்டுலதான் இருக்குது. பென்சன்காரங்க சொர்க்கம்னு பேரெடுத்த ஊருடா இது. நான் ஆரணிப் பக்கத்துலேர்ந்து துணி மூட்டையோட வந்து இறங்கினப்போ கோல்ஸ் பார்க்குல இலை விழுந்தா வீலர் ரோட்டுல கேக்கும். அப்புறம் சத்தம் எப்பிடி வந்துச்சின்னா, நான் வந்தேன், என் மச்சான் வந்தான், அவன் ஆடு வந்துச்சி. பின்னாடியே நீ வந்த.

பெர்னைப் பத்திக் கெழவனுக்கு இன்னா தெரியும்னு நெனைக்காத. பார்க்குல என்கூட நடக்கிற கூட்டாளியோட மவ அங்கதான் குடித்தனம். சுவிட்சர்லாந்து சட்டத்துல தலைநகரம்னு எந்த ஊரையும் எழுதலையாம். 1848-ல அரசாங்கம் பெர்ன்ல உக்காரட்டும்னு முடிவு பண்ணாங்க, உக்காந்துச்சி, அவ்ளோதான். ஊர்ல ஒன்றரை லட்சம் பேர்கூட இல்ல. நம்மூர்லன்னா மூணு பேர் சேர்ந்து சங்கம் வெச்சாலே நாலு தலைவர் பேனர்ல சிரிப்பாங்க.

அங்க சத்தம் தானா இல்லாம போகலடா, ஆளாளுக்கு வாயைக் கட்டிக்கினு இருக்காங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல வீட்டுல சுத்தியல் தட்டக்கூடாது. ஞாயித்துக்கிழமை காலி பாட்டிலைத் தெருத் தொட்டியில போடக்கூடாது, கண்ணாடி உடையிற சத்தம் வருமாம். அன்னைக்கு ரயில் ஸ்டேசனுக்குள்ள இருக்கிறதை விட்டா பெரும்பாலும் கடையே கிடையாது. பழைய அடுக்குமாடின்னா எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கீழ் ரூம்ல துணி மெசினு, உன் நாள் எதுன்னு சுவத்துல சீட்டு. முறை மாறித் துணி போட்டியா, பக்கத்து வீட்டுப் பாட்டி சண்டைக்கு வரமாட்டா. ஈரச் சட்டையை மடிச்சி வெச்சி, மேல ஒரு காயிதம் ஒட்டிட்டுப் போவா. "அன்புள்ள"ன்னுதான் ஆரம்பிக்கும். உங்கத்தை நாலு தெரு கேக்கத் திட்டுவாளே, அதெல்லாம் தாலாட்டுடா அதும் முன்னாடி.

பொட்டியில உங்கம்மா மிக்சி வெக்கிறா, பார்த்தேன். ராத்திரி பத்தரைக்குத் தேங்கா சட்னிக்கு ஆசைப்பட்டு ஒரு சுத்து சுத்திப் பாரு. அப்புறம் அந்தப் பாட்டி கையெழுத்து உனக்கு மனப்பாடம் ஆயிடும்.

அங்க பேடன்ட் ஆபீசுல குமாஸ்தாவா இருந்துக்கினுதான் ஐன்ஸ்டீன் 1905-ல உலகத்தையே பொரட்டிப் போட்டானாம். அமைதியா இருந்தா யோசனை வரும். உனக்கு வந்தா இன்னா பண்ணுவன்னுதான் எனக்குக் கவலை.

தனியா ஆயிடுவேன்னு மட்டும் பயப்படாத. ஈழத்துச் சனம் 1980-கள்லேர்ந்தே அந்த நாட்டுல இருக்காங்க. அவங்க ஓடினது வேற சத்தத்துக்கு. அதை வெச்சி நான் கிண்டல் பண்ணமாட்டேன். பெர்ன்லயே 2014-ல ஒரு கட்டடம் திறந்தாங்க, ஒரே கூரைக்கடியில மசூதி, சர்ச்சு, புத்தர் மடம், நம்ம சிவன் கோயில். கோயில்ல பூசை தமிழ்ல. கேட்டதும் மசூதி ரோட்டுல நடந்து போறாப்லயே இருந்துச்சி எனக்கு.

அங்க பர்மிட்டு கெடைக்கிறதும் லேசு இல்ல. ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு அந்த நாடு முழுக்க வருசத்துக்கு 8,500 வேலை பர்மிட்டுதானாம். உனக்கு ஒண்ணு வந்திருக்குது, சந்தோசம், போய்ட்டு வா. மூணு மாசத்துக்குள்ள ஆசுபத்திரி இன்சூரன்சு எடுத்துடு, அது கட்டாயம்.

ஆனா நோம்பு மாசம் வந்தா இன்னா பண்ணப் போற? சத்தம் தாங்கலன்னு சொல்ற ஆளு, ராத்திரி ஒரு மணிக்கு அலீம் கடையில மொத ஆளா நிக்கிறதை நான் மாடியிலேர்ந்து பார்த்திருக்கேன். கையில மூணாவது கிண்ணம் வேற.

சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. சைலன்சரைக் கழட்டிட்டு ஓட்டுறியே அந்த புல்லட்டு, அதை எப்போ விக்கிற? தெருவே கேக்கச் சொல்லுச்சி.