நிலத்தில் பாலித்தீன் சாகுபடி செய்வது எப்படி?

பட்டம் பார்க்க வேண்டாம். எல்லாப் பட்டமும் ஏற்றதே. விதையும் வீட்டிலேயே கிடைக்கும். காலையில் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்ததும் விரலில் ஒட்டிக்கொள்ளும் முக்கோணத் துணுக்கைச் சாணக்குப்பையில் உதறிவிடுங்கள். ஷாம்பு உறையும் யூரியா சாக்கின் நாரும் பின்னாலேயே போகட்டும்.

அவசரக்காரர்கள் நகரக் கம்போஸ்ட் வாங்கலாம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் 90 சதவீதமாவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைத்தான் நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். முழு கேரி பேக்கை நிறுத்திவிட்டுப் பொடிசுகளை மட்டும் உள்ளே விட இதைவிடத் தோதான சல்லடை உண்டா?

தக்காளி, தர்பூசணிக்காரர்களுக்கு மல்ச்சிங் ஷீட் இருக்கவே இருக்கிறது. அறுவடை முடிந்ததும் ஆள் வைத்துச் சுருட்டிக் கூலி தண்டம் அழாதீர்கள். அதன் மேலேயே ரோட்டவேட்டரை ஓட்டுங்கள். வெயிலில் முறுமுறுத்துப்போன ஷீட் தூள் தூளாகும். அடிமண்ணுக்கு இறக்கும் வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும்.

இனி பராமரிப்பு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். துணுக்குகள் மண்கட்டியின் பிணைப்பைத் தளர்த்தினால், கட்டிக்குள் பல வருடம் பத்திரமாக இருந்த பழைய மக்கு நுண்ணுயிர்களின் வாய்க்கு எட்டிவிடும். 'மக்கும் ஷீட்' என்று விற்பதைப் போட்டால் இன்னும் விசேஷம். அதில் கரிமம் ஏராளம், தழைச்சத்து இல்லை. குழம்பே ஊற்றாமல் சோற்றை மட்டும் கொட்டும் பந்தி. பந்தியில் உட்கார்ந்தவர்கள் குழம்புக்காகப் பழைய மக்கைக் கிளறுவார்கள். கரியமில வாயு கிளம்பும்.

மேலே தொழுவுரமும் வைக்கோலும் போட்டால் நுண்ணுயிர்களுக்கு இன்னும் உற்சாகம். ஆனால் மண்ணையும் பிளாஸ்டிக்கின் வகையையும் பொறுத்துக் கரிமம் குறையலாம், கூடியும் தொலைக்கலாம். (மகசூலுக்கு உத்தரவாதம் தராதது அதனால்தான்.) சீமைக்கருவேல மரத்தைக் காற்றில்லாமல் சுட்டெடுத்த கரியை மட்டும் தயவுசெய்து வயலுக்குக் கொண்டுவராதீர்கள். அது லேசில் மக்காது. தன் துளைகளில் கரிமத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பாடுபட்டுக் கிளப்பிய வாயுவைச் சில சோதனைகளில் அது அடக்கியும் இருக்கிறது. நம் உழைப்பெல்லாம் வீண்.

கடைசியாக மண் பரிசோதனை. பிளாஸ்டிக் மண்கரிமமாக வேடம் போட்டுக் கணக்கில் ஏறிவிடும் என்று பெர்லின் சூழலியலாளர் மத்தியாஸ் ரில்லிக் 2018-லேயே எச்சரித்தார். நமக்கு அது எச்சரிக்கையா? யோசனை! 100 கிலோ பாலித்தீனில் 85 கிலோவுக்கு மேல் கரிமம்தான். மண்ணை எரித்து அளக்கும் கருவிக்கு வேப்பந்தழையும் ஒன்றுதான், கேரி பேக்கும் ஒன்றுதான். ஆகவே உங்கள் மண் வளமாகிவிட்டது என்று காகிதம் வேண்டுமானால் அந்தக் கருவி உள்ள இடத்துக்கே மாதிரியை அனுப்புங்கள். டைக்ரோமேட் ஊற்றிப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அந்தக் கரைசலுக்குப் பாலித்தீன் பெரும்பாலும் அசைந்து கொடுக்காது, குட்டு வெளிப்பட்டுவிடும்.