ப்ரோக்கோலி கமிட்டிக்கு ரெண்டு வார்த்தை

ஏலே தம்பி, இங்கன வந்து உக்காரு. பள்ளிக்கூடத்துல காய்கறித் தோட்டம் போடப் போறீங்களாமே? கமிட்டி போட்டாச்சாமே? வாட்ஸ்அப்ல ஒரு குரூப்பு, அதுக்கு ஒரு படம், படத்துல ஒரு பச்சை இலை. டி-ஷர்ட்டு தைக்கக் குடுத்தாச்சு. மண்ணு வந்திருச்சாலேன்னு கேட்டா, "அது அடுத்த மீட்டிங்ல, தாத்தா"ங்க. நல்லது. மொதல்ல சட்டை, பொறவு மம்பட்டி.

எங்க, லிஸ்டைக் காட்டு பாப்போம். ப்ரோக்கோலி. செர்ரி தக்காளி. லெட்டூஸ். ஸ்ட்ராபெரி. அடேயப்பா! பிள்ளைய மத்தியானம் திங்கப் போறது கிச்சடி. லிஸ்டு மட்டும் நட்சத்திர ஓட்டல்ல இருந்து வந்திருக்கு. ஸ்ட்ராபெரி மகாபலேஷ்வர் மலைக் குளுருல காய்க்க சாமான்லே. மும்பை பக்கம் நம்ம கல்யாண் வெயிலுக்கு அது என்ன பாவம் பண்ணுச்சு? ப்ரோக்கோலியை நாத்து விட்டு, எடுத்து நட்டு, பூ பாக்க மூணு மாசம் ஆவும். அதுவும் செடிக்கு ஒரே பெரிய பூ. வகுப்புல நாப்பது பிள்ளை இருந்தா எப்படிப் பங்கு வைப்ப? தராசா, குலுக்கலா?

சரி, எப்பம் விதைக்கப் போற? "யூட்யூப்ல கோயம்புத்தூர்க்காரர் சொன்னாரு தாத்தா, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு. அதைத் தவற விட்டுட்டோம்"னு வெசனப்படுத. தவற விட்டது உன் அதிர்ஷ்டம். அவரு சொன்னது அவரு சீமைக்குச் சரி. இங்க ஆடியில விதைச்சா விதை உல்லாஸ் நதியில ஏறி வசாய் கழிமுகம் பாக்கப் போயிரும். 2019 ஜூலையில நம்ம பக்கத்து வாங்கணி கிட்ட மகாலட்சுமி எக்ஸ்பிரஸே வெள்ளத்துக்குள்ள நின்னுச்சே, மறந்துட்டியா? ஆயிரம் பேருக்கு மேல படகு வெச்சு எறக்குனாவ. ரயிலே நகரல. உன் வெண்டை நிக்குமோ?

நம்ம நெல்லைச் சீமையில ஐப்பசி கார்த்திகைன்னா அடைமழை. இங்க அக்டோபர் மொத வாரம் ரெண்டாம் வாரத்துலயே மழை மூட்டை கட்டிரும். அங்க குடை விரிக்கப்ப இங்க மடக்குதோம். மடக்குன கையோட கொஞ்ச நாள் வெயிலு போட்டு வாட்டும். அக்டோபர் ஹீட்டுன்னு அதுக்குப் பேரே வெச்சிருக்காவ. அந்தச் சூட்டுல பிஞ்சு நாத்தை நட்டா சுருண்டுரும். நவம்பர் பாதிக்கு மேல காலையில பைய ஒரு குளுரு வரும் பாரு, அதுதான் நமக்குப் பட்டம்.

அதுக்கு முன்னால இன்னொண்ணு கேக்கேன். பள்ளிக்கூடத்துக்குத் தீபாவளி லீவு எப்பம்? முழிக்க பாத்தியா! கமிட்டியில எட்டுப் பேரு, ஒருத்தனும் காலண்டரைத் திருப்பலை. அக்டோபர்ல ஆட்டம் பாட்டமா விதைச்சு, ரிப்பன் வெட்டி, போட்டோ புடிச்சுட்டு, லீவுக்கு எல்லாரும் ஊருக்கு ரயில் ஏறிருவீய. திரும்பி வந்தா தொட்டியில என்ன இருக்கும்? பேர் எழுதுன பலகை இருக்கும். ஆகையினால லீவு முடிஞ்சு வந்து விதை. பெப்ரவரிக்குள்ள தின்னு முடி. மார்ச்சு வந்தா பரீட்சை, கத்திரிக்காய்க்குத் தண்ணி ஊத்த எந்தப் பிள்ளைக்கு நேரம்?

லீவுக்கு முன்னாலயும் ஒரு வேலை இருக்கு. நவராத்திரி மொத நாளு மராட்டிக்காரவ வீட்டுல கலசம் வெச்சு, சுத்தி மண்ணு போட்டு தானியம் தூவுவாவ. தசராவுக்குள்ள வெளிறின பயிரா வளந்து நிக்கும். நம்ம ஊரு முளைப்பாரியும் வேற என்னவாம்? சாமி பேரைச் சொல்லி விதையைச் சோதிக்கது. நீயும் பிள்ளையளை விட்டு ஈரத் துணியில பத்து வெந்தயம் முடிஞ்சு வைக்கச் சொல்லு. எட்டு முளைச்சா அந்த விதை போதும். மூணு முளைச்சா கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான். இதுக்கு லேபா வேணும்?

வெந்தயத்துலதான் தொடங்கணும். விதைக்கு ஆன்லைன்ல தேடாதே. உங்க அம்மா அஞ்சறைப் பெட்டியில கையை விடு. மூணு நாலு நாள்ல மண்ணைக் கீறிட்டு வந்துரும். அதுதான் முக்கியம் கேட்டியா? ஏழு வயசுப் பிள்ளைக்கு எம்புட்டுப் பொறுமை இருக்கும்னு நினைக்க? திங்கக்கிழமை போட்டது வெள்ளிக்கிழமை தலை காட்டலைன்னா, சனிக்கிழமை தோண்டிப் பாத்துரும். மைக்ரோகிரீன்னு ஒரு டப்பா இருநூறு ரூவாய்க்கு வாங்குதியே, கடற்கரை மணல்ல வெளையுத குட்டி வெந்தயக்கீரையை இந்த மும்பைச் சந்தையில சமுத்திர மேத்தின்னு சின்னச் சின்னக் கட்டா, வேரோட, காலங்காலமா வித்துட்டு இருக்காவ. டப்பா மட்டும்தாம்லே புதுசு.

அடுத்தாப்புல முள்ளங்கி. நாப்பது, நாப்பத்தஞ்சு நாள்ல புடுங்கலாம். முள்ளங்கி சாம்பார்னா மூஞ்சியைத் திருப்புத பய, தான் புடுங்குன முள்ளங்கியை டவுசர்ல துடைச்சுட்டு அங்கனயே கடிப்பான், பாத்துக்க. கேரட்டு வேணும்னு அடம் பிடிக்காதே. நம்ம பக்கத்துக் களிமண்ணுல அது ரெண்டு காலு மூணு காலுன்னு பிரிஞ்சு வரும். சிவப்புத் தண்டங்கீரை போடு, இங்க லால் மாட்டுன்னு கேட்டாத் தருவான். ஒரு மாசத்துல வெட்டலாம். பாலக்கு வெட்ட வெட்டத் துளுக்கும், அதனால வாத்தியாரம்மாவுக்குப் பிடிக்கும். கொத்தமல்லியை முழுசாப் போடாம செருப்புக் காலால ஒரு தேய்ப்பு தேய்ச்சு ரெண்டா உடைச்சுப் போடு. அப்பவும் பத்து நாள் கழிச்சுத்தான் எட்டிப் பாக்கும். அதை அஞ்சாங் கிளாஸுக்குக் குடு.

கீரைக்கடைசல் ருசி தெரியாம வளந்த பிள்ளைய நீங்க. போகட்டும்.

மண்ணு விஷயம் வருவோம். உங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கது மண்ணுன்னு நினைச்சியோ? பில்டர் கொட்டிட்டுப் போன செங்கலும் சிமெண்டுக் காரையும்லே. அதுல மம்பட்டி போட்டா மம்பட்டிக்குத்தான் சேதம். சாக்குல தொட்டியில போடு. மதிய உணவுக்காகப் பள்ளிக்கூடத்துலயே காய்கறித் தோட்டம் போடணும்னு 2019-ல மத்திய அரசே வழிமுறை எழுதி அனுப்பிச்சு. நிலம் இல்லைன்னா மொட்டை மாடியில, பானையில, டப்பாவுல, சாக்குல போடுன்னு அதுலயே இருக்கு. உங்க கமிட்டி அதைப் படிச்சிருந்தா மூணு மீட்டிங்கு மிச்சம். உரத்துக்கு எதுக்கு ஆர்டர் போடுத? மும்பை துறைமுகத்துக்காரவ 2002 வாக்குல, கேன்டீன் மாடியில சமையல் கழிவை மக்க வெச்சே காய்கறி வளத்துக் காட்டுனாவ. உங்க பள்ளிக்கூடத்துல கிச்சடிக்கு அரிஞ்ச காய்த்தோலு எங்க போவுது? குப்பை வண்டியில. உரம் எங்கிருந்து வருது? கூரியர்ல. நல்லா இருக்குலே உங்க கணக்கு!

தண்ணி மட்டும் விளையாட்டு இல்ல. வாலதுனி ஆத்தைப் பாத்திருக்கல்லா? ஃபேக்டரிக் கழிவு கலந்து ஓடுது. அந்தப் பக்கம் வாளியைத் தூக்கிட்டுப் போயிராதே. முன்னெல்லாம் தண்டவாளத்து ஓரம் பாலக்கு பச்சைப் பசேல்னு நிக்கும். லோக்கல் ரயில்ல போறவன் பாத்து ஆசைப்படுவான். அது எந்தத் தண்ணியைக் குடிச்சு அம்புட்டுப் பச்சையாச்சுன்னு எறங்கிப் பாத்தா பொறவு பாலக்கு வாங்க மாட்டான். குழாய்த் தண்ணி, காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. பிள்ளையளுக்குத் தண்ணி ஊத்த ஆசை ஜாஸ்தி. விட்டா நாப்பது பேரும் நாப்பது சொம்பு ஊத்தி அழுக வெச்சிரும். முறை போட்டுக் குடு.

கன்சல்டன்ட்டு ஒருத்தரு ஜூம்ல வாராராமே, பெங்களூர்ல இருந்து? வரட்டும், கும்பிடு போடு. ஆனா உங்க பள்ளிக்கூடத்துல கூட்டிப் பெருக்குத மவுசி எந்த ஊருன்னு எவனாவது கேட்டியளா? முர்பாடு பக்கமா இருந்தா, நெல்லு அறுத்த ஈரத்துலயே வால் அவரை போட்டு எடுத்தவளா இருப்பா. தண்ணி கூட ஊத்தாம வெளைவிப்பாவ அந்த ஊர்க்காரவ. வேலி ஓரம் அந்த வால் நாலு விதை ஊன வைக்கட்டும். தைக்குப் பொறவு காய் தொங்கும். அவகிட்ட மரியாதையாப் போய்க் கேளு. உங்க லிஸ்டையும் காட்டு. ப்ரோக்கோலியைப் பாத்துச் சிரிப்பா. சிரிச்சு முடியட்டும். சனி, ஞாயிறு யாரு தண்ணி ஊத்துவாவ, அதுக்கு மாசம் என்ன குடுப்பீயன்னு அவளே கேப்பா. பதிலை மொதல்ல கமிட்டியில பேசி வெச்சுக்கிட்டுப் போ. டி-ஷர்ட்டுல ஒண்ணு அவளுக்கும் தைக்கச் சொன்னியா?